கரண்ட் போய் வந்தாலும் தானே எழும்பும் சேர்வர்: வாசிகசாலைக்கு ஒரு கிவிக்ஸ் பெட்டி

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு வாசிகசாலையில், பழைய லப்டொப் ஒன்றில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக ஏற்றினேன். வந்திருந்த பிள்ளைகளின் போன்களில் அது திறப்பதையும் பார்த்துவிட்டு, மண்முனைப் பாலத்தால் வீடு திரும்பினேன். அடுத்த நாள் காலை, அங்கே பொறுப்பாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் போன் எடுத்தார். "மனே, ராவு கரண்ட் போய் வந்திட்டு. பெட்டி எழும்பித்தான் இருக்கு. ஆனா பக்கம் ஒண்டும் வரல்ல."

பிழை என்னுடையது. புரோகிராமை, கட்டளை தட்டுகிற ஒரு டெர்மினல் ஜன்னலில் தட்டி ஓடவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன். பெட்டி அணைந்து எழும்பியபோது அதன் இயங்குதளமான லினக்ஸ் எழும்பியது. புரோகிராமை எழுப்ப ஆள் இல்லை. நான் பக்கத்தில் இருந்தால்தான் ஓடும் என்றால் அதைச் சேர்வர் என்று சொல்லவே கூடாது.

இந்த வழிகாட்டி புதிதாகத் தொடங்குபவருக்கு. கிவிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, அதைப் பின்னணிச் சேவையாக, அதாவது யாரும் லொகின் செய்யாமலே ஓடுகிற மாதிரி அமைப்பதுதான் வேலை. இதே முறையில் நாளைக்கு வேறு எந்தச் சேர்வர் மென்பொருளையும் சேவையாக்கலாம்.

கிவிக்ஸ் 2007 இல் தொடங்கிய இலவச, திறந்த மூல மென்பொருள். விக்கிப்பீடியா போன்ற ஒரு முழுத் தளத்தை "ஸிம்" என்ற ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். அதை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதில் உண்டு. டேட்டா கார்ட் போடக் காசு பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு, வாசிகசாலை வைஃபையில் இதெல்லாம் செலவில்லாமல் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், போனில் ஒருவருக்கு வாசித்துச் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களைத் தனியே சொல்வேன். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல.

பெட்டியும் டெபியனும்

புதிய கணினி வாங்க வேண்டாம். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப் போதும். பட்டறி கொஞ்சமாவது தாங்கினால் அதுவே யூபிஎஸ். ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியும் நல்லது. மின் வந்ததும் தானே எழும்பும் குணம் அதற்குப் பிறவியிலேயே உண்டு.

பெட்டியில் ஏற்றப்போவது டெபியன், லினக்ஸின் ஒரு வகை. அதை நிறுவும்போது புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக்கு, அதாவது "ரூட்" பயனருக்கு, பாஸ்வேர்ட் கேட்கும் திரையில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டு அடுத்ததுக்குப் போங்கள். அங்கே பாஸ்வேர்ட் கொடுத்தால் உங்கள் பயனருக்கு "சுடோ" உரிமை, அதாவது நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை, கிடைக்காது. பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் திண்டாட வேண்டிவரும். மென்பொருள் தெரிவுத் திரையில் டெஸ்க்டொப் சூழலின் குறியை எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சேர்வருக்குக் குறி போடுங்கள். வேறொரு கணினியிலிருந்து இந்தப் பெட்டிக்குக் கட்டளை தட்டும் வழி அது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துத்தான் வரும், பயப்பட வேண்டாம். பெட்டியை மூலையில் வைத்துவிட்டு உங்கள் சொந்தக் கணினியிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக எல்லாவற்றையும் செய்யலாம்.

லப்டொப் என்றால் இன்னொன்றும் உண்டு. மூடியை மூடினால் அது உறங்கிவிடும். /இடிசி/சிஸ்டம்டி/லொகின்டி.கொன்ஃப் என்ற கோப்பில் "ஹேண்டில்லிட்ஸ்விட்ச்" என்ற வரியைத் தேடி, முன்னால் உள்ள # குறியை அழித்து, = குறிக்குப் பிறகு "இக்னோர்" என்று மாற்றுங்கள். பெட்டியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் சரி.

கிவிக்ஸை நிறுவுதல்

இது இரண்டே வரி.

சுடோ ஆப்ட் அப்டேட்

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் கிவிக்ஸ்-டூல்ஸ்

இத்துடன் "கிவிக்ஸ்-சேர்வ்", "கிவிக்ஸ்-மனேஜ்" என்ற இரண்டு கருவிகளும் வந்துவிடும். முதலாவது பக்கங்களைப் பரிமாறுவது. மற்றது எந்தெந்த ஸிம் கோப்புகள் இருக்கின்றன என்று இடாப்பு வைத்திருப்பது.

இனி உள்ளடக்கம். கிவிக்ஸின் இணைய நூலகத்தில் மொழியைத் தமிழ் என்று தெரிந்தால் விக்கிப்பீடியா, விக்சனரி, விக்கிமூலம் எல்லாம் வரும். விக்கிப்பீடியாவில் மூன்று அளவுகள் இருக்கும்: "மக்ஸி" என்றால் படங்களுடன் முழுதும், "நோபிக்" என்றால் படமில்லாமல், "மினி" என்றால் கட்டுரைகளின் அறிமுகப் பகுதி மட்டும். தமிழுக்கு மக்ஸியையே எடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் மக்ஸி நூறு ஜிபியைத் தாண்டும். தமிழ் அதில் ஒரு சிறு பங்குதான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் "ஃபெட்" பாவனையாக்கங்களையும் சேர்த்துவிடுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய திட்டம் அது. ஊசலையும் மின்சுற்றையும் திரையில் ஆட்டிப் பார்க்கலாம். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளைகள் அதைவிட்டு எழும்புவதில்லை.

பெரிய கோப்பை பிரவுசரில் இறக்காதீர்கள், பாதியில் அறுந்தால் தொடக்கத்திலிருந்து வரும். "டபிள்யூகெட் -சி" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இணைப்பை ஒட்டினால் அறுந்த இடத்திலிருந்து தொடரும். இரவு டேட்டா உள்ள பொதி இருந்தால் இரவில் விடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணும் கொடுத்திருப்பார்கள். இறக்கி முடிந்ததும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கோப்புகளை எங்கே வைப்பது? வீட்டு அடைவில் வைக்க வேண்டாம். லினக்ஸில் /எஸ்ஆர்வி என்ற அடைவு இதற்கென்றே இருக்கிறது.

சுடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/கிவிக்ஸ்

ஸிம் கோப்புகளை அதற்குள் நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றையும் இடாப்பில் பதியுங்கள்:

சுடோ கிவிக்ஸ்-மனேஜ் /எஸ்ஆர்வி/கிவிக்ஸ்/லைப்ரரி.எக்ஸ்எம்எல் அட் (பிறகு ஸிம் கோப்பின் முழுப் பாதை)

பதிந்த பிறகு ஸிம் கோப்பை இடம் மாற்றினால் கிவிக்ஸ் தேடிக்கொண்டு நிற்கும். இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

சேவையாக்கும் அவசரத்தில் இந்தப் படியை விடவே வேண்டாம். கையால் ஓடாதது சேவையாகவும் ஓடாது. சேவையாக ஓடாதபோது காரணம் கண்டுபிடிப்பது இரண்டு மடங்கு வேலை.

கிவிக்ஸ்-சேர்வ் --போர்ட்=8080 --லைப்ரரி /எஸ்ஆர்வி/கிவிக்ஸ்/லைப்ரரி.எக்ஸ்எம்எல்

அதே வைஃபையில் இருக்கும் போனில், பெட்டியின் முகவரியையும் முக்காற்புள்ளி போட்டு 8080 ஐயும் தட்டினால் நூலகப் பக்கம் வர வேண்டும். ஏன் 8080? இது போர்ட் எண், பெட்டிக்குள் போகும் பல வாசல்களில் ஒன்றின் இலக்கம் மாதிரி. கிவிக்ஸ் வழமையாக 80 ஐத்தான் கேட்கும். ஆனால் 1024 க்குக் கீழுள்ள போர்ட்டுகளை லினக்ஸ் சாதாரணப் பயனருக்குக் கொடுக்காது. இதற்காக ரூட் உரிமையில் ஓட்டுவது, சைக்கிள் சாவி கேட்டவருக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுக்கிற மாதிரி.

பக்கம் வந்ததா? கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். இங்கேதான் நான் முதல்முறை வேலை முடிந்தது என்று எழும்பிப் போனேன்.

இந்த இடத்தில் சிலர் வரியின் கடைசியில் & குறி போடச் சொல்வார்கள். சிலர் "நோஹப்" என்பார்கள், சிலர் "டீமக்ஸ்" ஜன்னலுக்குள் ஓட்டச் சொல்வார்கள். கிவிக்ஸிலேயே "--டீமன்" என்ற தெரிவு இருக்கிறது, பின்னணிக்குப் போய்விடும். எல்லாம் நீங்கள் லொகவுட் செய்த பிறகும் புரோகிராமை ஓட வைக்கும் வழிகள்தான். கரண்ட் போய் வந்தால் இவற்றில் எதுவும் தானே எழும்பாது. புரோகிராம் இடையில் விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இல்லை. அந்த ஆள் சிஸ்டம்டி. 2010 இல் வெளிவந்து, டெபியனில் 2015 இன் எட்டாம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இருக்கிறது. பெட்டி எழும்பும்போது முதலில் எழும்பி மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். நம்முடைய புரோகிராமின் பெயரையும் அதன் பட்டியலில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சேவைக் கோப்பு

முதலில் இந்த வேலைக்கு மட்டும் ஒரு பயனர். லொகின் செய்ய முடியாத, வீட்டு அடைவும் இல்லாத பயனர்:

சுடோ அட்யூசர் --சிஸ்டம் --குரூப் --நோ-கிரியேட்-ஹோம் கிவிக்ஸ்

பிறகு நானோ என்ற எழுதும் கருவியில் ஒரு புதிய கோப்பு:

சுடோ நானோ /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/கிவிக்ஸ்.சேர்விஸ்

இதற்குள் மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் சதுர அடைப்புக்குள், முதலெழுத்து பெரிய எழுத்தில். ஒவ்வொரு வரியிலும் = குறிக்கு இடப்பக்கம் உள்ள சொல்லின் முதலெழுத்தும் பெரியதுதான். ஒட்டுச் சொல் என்றால் ஒவ்வொரு துண்டின் முதலெழுத்தும் பெரியது, நடுவில் இடைவெளி கிடையாது.

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=வாசிகசாலை கிவிக்ஸ்
வான்ட்ஸ்=நெட்வர்க்-ஒன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வர்க்-ஒன்லைன்.டார்கெட்
ரிக்குவயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபோர்=/எஸ்ஆர்வி/கிவிக்ஸ்

[சேர்விஸ்]
யூசர்=கிவிக்ஸ்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/கிவிக்ஸ்-சேர்வ் --போர்ட்=8080 --லைப்ரரி /எஸ்ஆர்வி/கிவிக்ஸ்/லைப்ரரி.எக்ஸ்எம்எல்
ரிஸ்டார்ட்=ஆல்வேஸ்
ரிஸ்டார்ட்செக்=10

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

எழுதிவிட்டு கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ்.

சில வரிகளில் நின்று பேச வேண்டும். "ஆஃப்டர்" வரிசையை மட்டும் சொல்கிறது: அது வந்த பிறகு நான். "வான்ட்ஸ்" தான் அதைக் கூப்பிடுகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நெட்வர்க் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

"எக்ஸெக்ஸ்டார்ட்" வரியில் முழுப் பாதையும் எழுதுங்கள். டெர்மினலில் பழகிய ~ குறி, | குறி, > குறி எதுவும் அங்கே செல்லாது. அந்தக் குறிகளைப் புரிந்துகொள்வது டெர்மினலில் ஓடும் ஷெல், இங்கே அது இல்லை. முக்கியமாக, முன்பு சொன்ன "--டீமன்" தெரிவை இங்கே சேர்க்கவே கூடாது. அதைச் சேர்த்தால் புரோகிராம் தன்னைப்போல் ஒன்றைப் பிறப்பித்துப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தான் முடிந்துபோகும். சிஸ்டம்டி "இது முடிந்துவிட்டது" என்று எண்ணி, பின்னணிக்குப் போனதையும் சேர்த்து நிறுத்தி, மறுபடி தொடங்கும், மறுபடி நிறுத்தும். நான் ஒரு பின்னேரம் முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பின்னணியில் ஓட்ட சிஸ்டம்டி இருக்கும்போது புரோகிராம் முன்னணியில்தான் நிற்க வேண்டும்.

"ரிஸ்டார்ட்=ஆல்வேஸ்" என்றால் எப்படி விழுந்தாலும் தூக்கு. நாமாக "ஸ்டொப்" கொடுத்து நிறுத்தினால் தூக்காது, கவலை வேண்டாம். "ரிஸ்டார்ட்செக்=10" என்பது பத்து விநாடி பொறுத்து எழுப்பு. இந்த வரி இல்லாவிட்டால் நொடிக்குள் திரும்பத் திரும்ப எழுப்பப் பார்க்கும். பத்து விநாடிக்குள் ஐந்து முறை முயன்றும் நிலைத்து ஓடாவிட்டால், சிஸ்டம்டி "இனி முடியாது" என்று கைவிட்டுவிடும். ஆறுதலாக எழுப்பினால் கைவிடாது.

இனி இரண்டு கட்டளைகள்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்

சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கிவிக்ஸ்

"ஸ்டார்ட்" என்பது இப்போது ஓடு. "எனேபிள்" என்பது ஒவ்வொரு முறை பெட்டி எழும்பும்போதும் ஓடு. "எனேபிள் --நவ்" இரண்டையும் சேர்த்துச் செய்யும். "ஸ்டார்ட்" மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த மின்வெட்டோடு மறுபடியும் ஆசிரியரின் போன் வரும்.

ஓடவில்லை என்றால்

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிவிக்ஸ்

பச்சை நிறத்தில் "அக்டிவ், ரன்னிங்" என்று வந்தால் நல்லது. சிவப்பில் வந்தால் பதற வேண்டாம், அந்த வரியிலுள்ள எண்ணைப் பாருங்கள். 203 என்றால் புரோகிராமின் பாதை பிழை அல்லது எழுத்துப்பிழை. 217 என்றால் அந்தப் பெயரில் பயனர் இல்லை, அட்யூசர் படியைத் தாண்டிவிட்டீர்கள். எண்ணை வைத்துப் பிடிபடவில்லை என்றால் முழுக் கதையும் இங்கே:

சுடோ ஜேர்னல்சிடிஎல் -யூ கிவிக்ஸ் -இ

கடைசி வரிகளில் போர்ட் ஏற்கனவே பாவனையில் இருப்பதாகச் சொன்னால், கையால் ஓட்டிப் பார்த்த பழைய கிவிக்ஸ் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால், ஸிம் கோப்பு உங்கள் பெயரில் பூட்டப்பட்டிருக்கிறது; புதிய பயனருக்கு அதை வாசிக்கும் அனுமதி வேண்டும். சேவைக் கோப்பில் எதைத் திருத்தினாலும் "டீமன்-ரீலோட்" கொடுத்த பிறகே "ரிஸ்டார்ட்". அதை மறந்தால் சிஸ்டம்டி பழைய கோப்பையே மனதில் வைத்திருக்கும்.

வெளி ஹார்ட் டிஸ்க் வைத்தால்

லப்டொப்பில் இடம் போதாமல் யூஎஸ்பி டிஸ்கில் ஸிம் கோப்புகளை வைப்பது சகஜம். வாங்கி வரும் பல பென் டிரைவுகள் ஃபாட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் /எஸ்ஆர்வி/கிவிக்ஸ் இல் பொருத்த, /இடிசி/எஃப்எஸ்டாப் கோப்பில் ஒரு வரி வேண்டும். டிஸ்க்கை அதற்கே உரிய அடையாளமான யூயூஐடி எண்ணால் குறிப்பிடுங்கள். "சுடோ பிஎல்கேஐடி" அதைக் காட்டும். தெரிவுகளில் "டிஃபோல்ட்ஸ்,நோஃபெயில்" என்று இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். நோஃபெயில் இல்லாமல், யாராவது கூட்டித் துடைக்கும்போது யூஎஸ்பி வயர் கழன்று போயிருந்தால், பெட்டி எழும்பும்போது ஒன்றரை நிமிடம் டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். அதன்பின் எஸ்எஸ்எச் கூட வராது. பாலம் கடந்து நேரில் போக வேண்டியதுதான். சேவைக் கோப்பில் "ரிக்குவயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபோர்" எழுதியதும் இதற்காகத்தான். டிஸ்க் பொருந்திய பிறகே கிவிக்ஸ் எழும்பும்.

மின்சாரம், ரவுட்டர், போன்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எந்த லப்டொப் பட்டறியும் அதைத் தாங்காது. இப்போது அப்படியில்லை என்றாலும் மாரியில் ஒரு மரம் கம்பியில் விழுந்தால் போதும். பட்டறி முழுதும் இறங்கி அணைந்த லப்டொப், கரண்ட் வந்தால் தானே எழும்புவது அரிது. சிலவற்றின் பயோஸில், அதாவது கணினி எழும்பும்போது முதலில் வரும் அமைப்புத் திரையில், மட்டும் அதற்கு ஒரு தெரிவு உண்டு. டெஸ்க்டொப் என்றால் பயோஸில் "ரீஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்" என்பதைத் தேடி "பவர் ஒன்" ஆக்குங்கள். சொற்கள் கணினிக்குக் கணினி கொஞ்சம் மாறும்.

லப்டொப் பட்டறியில் ஓடிக்கொண்டிருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றுமே வராது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெரிய யூபிஎஸ்ஸை விட ரவுட்டருக்கான சின்ன 12 வோல்ட் யூபிஎஸ்தான் வாங்க வேண்டியது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெட்டிக்கு நிலையான முகவரி ஒன்றை, உதாரணமாக 192.168.1.50 என்று, ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் முகவரி மாறி, சுவரில் ஒட்டிய தாள் பொய்யாகிவிடும். வெளியிலிருந்து வரும்படி ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மாரி வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று ஊரில் கேட்டால் சுவரிலேயே காட்டுவார்கள். அதற்கு மேலே வையுங்கள்.

போன் பக்கத்திலும் இரண்டு தொல்லைகள். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் சில போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள், "இணைந்தே இரு" என்ற கேள்வி வந்தால் ஆம் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றது, சில பிரவுசர்கள் முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்துவிட்டுப் பக்கம் இல்லை என்னும். எச்டிடிபி:// என்று முன்னால் சேர்த்துத் தட்ட வேண்டும். எச்டிடிபியோடு ஒரு கியூஆர் குறி அச்சடித்து ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. "சுடோ ரீபூட்" கொடுத்துவிட்டு, எதையும் தொடாமல், ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து போனில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வந்தால் அடுத்தது: மெயின் சுவிட்சையே ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். ரவுட்டர், டிஸ்க், பெட்டி மூன்றும் தாமாக எழும்பிப் பக்கம் வந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம்.

புதிய ஸிம் வெளிவந்தால், பழையதை உடனே அழிக்காமல் புதியதை இறக்கி, கிவிக்ஸ்-மனேஜில் பதிந்து, "சுடோ சிஸ்டம்சிடிஎல் ரிஸ்டார்ட் கிவிக்ஸ்" கொடுத்துப் பாருங்கள். புதியது திறந்த பிறகு பழையதை இடாப்பிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் நீக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

படுவான்கரைப் பெட்டியின் மேல் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆசிரியர் தன் கையெழுத்தில் எழுதியது: "லைட் எரியுதா பார். ரவுட்டர் எரியுதா பார். ஐந்து நிமிடம் பொறு. அதுக்குப் பிறகும் வரல்லையென்றால் மட்டும் போன் எடு." நம்பரை ஒட்டிய டேப் ஏற்கனவே கழன்று தொங்குகிறது.